மயிலம் வருவதற்குள் முடியாத படம்

பத்மாவதி போன செய்தி வந்தபோது நான் ஒன்பதாம் வகுப்பில் ஒளிவிலகல் நடத்திக்கொண்டிருந்தேன். கண்ணாடி டம்ளரில் தண்ணீர் ஊற்றி, அதில் பென்சிலைப் போட்டு, அது ஏன் வளைந்து தெரிகிறது என்று கேட்டுக்கொண்டிருந்தேன். மேசை இழுப்பறைக்குள் செல்போன் அதிர்ந்தது. வகுப்பில் போன் எடுக்கும் பழக்கம் எனக்கு இல்லை. மூன்றாம் தடவை அதிர்ந்தபோதுதான் எடுத்தேன். நம் வண்டியில் வரும் நர்ஸ் லூர்து மேரி. "மல்லிகா, பத்மா போய்ட்டாங்கம்மா. காலையில வண்டிக்குக் கெளம்பிக்கினு இருந்தாங்களாம். நெஞ்சு அடைக்குதுன்னு உக்காந்தவங்கதான், எழுந்திருக்கல" என்றார்.

எனக்கு முதலில் அழுகை வரவில்லை. நிம்மதி வந்தது. என்னைப் பற்றித் தெரிந்த ஒரு வாய் மூடிவிட்டது என்று நினைத்தேன். அந்த நினைப்பு ஒரு நிமிடம்கூட நிற்கவில்லை என்றாலும் வந்தது உண்மை. இதை எழுதக் கை கூசுகிறது. ஆனால் பூசி மெழுகி ஒரு அஞ்சலி வேண்டுமென்றால் நீங்கள் வேறு ஆளைப் பார்த்திருக்க வேண்டும்.

என்னை எழுதச் சொன்னவர் தாலுகா ஆபீஸ் சேகர் சார். எட்டேகால் வண்டியின் மூன்றாம் பெட்டியில் விழுப்புரத்திலிருந்து திண்டிவனத்துக்கு சீசன் டிக்கெட்டில் போய்வருகிற நாம் எல்லாரும் சேர்ந்து அவள் படத்துக்கு மாலை போடப்போகிறோம், அன்று நான் எழுதியதைப் படிக்க வேண்டும் என்றார். "நீங்கதான் மேடம் எழுதணும். நீங்க ரெண்டு பேரும் அவ்ளோ ஒட்டிக்கினு இருந்தீங்க. நடுவுல ஏதோ பேஜாரு. அதெல்லாம் இப்ப எதுக்கு, விடுங்க" என்றார். அந்த ஏதோ பேஜாரு என்னவென்று உங்கள் யாருக்கும் தெரியாது. அதைத்தான் எழுதப்போகிறேன். சேகர் சார் கொஞ்சம் பொறுத்துக்கொள்ள வேண்டும், அவரும் இதில் வருகிறார்.

பத்மாவை நான் அறிந்ததே ஒரு அலறலில்தான். அவள் திண்டிவனத்தில் ஒரு மருத்துவமனையில் மருந்து கொடுக்கும் பிரிவில் இருந்தாள் என்பதோ, செஞ்சிப் பக்கத்துத் தமிழ்ச் சமணர்களான நயினார் குடும்பத்துப் பெண் என்பதோ அன்று எனக்குத் தெரியாது. ஜன்னலோரம் உட்கார்ந்து கேப்பை அடை செய்வது எப்படி என்று போனில் பார்த்துக்கொண்டு வந்தாள். அடை முடிந்ததும் போன் தானாக அடுத்த படத்தை ஓட்டிவிட்டது. முண்டியம்பாக்கம் தாண்டும்போது அவள் போட்ட சத்தத்தில் எதிரே இருந்தவர் டீயை வேட்டியில் கொட்டிக்கொண்டார். அவள் என் பக்கம் திரும்பி, "ஏங்க, இத்த தனியா பாக்க முடியாது. நீங்களும் பாருங்க" என்று இயர்போனில் ஒரு பக்கத்தைக் கழற்றி என் இடது காதுக்குக் கொடுத்தாள். முன்பின் தெரியாதவளின் காதில் இருந்ததை நானும் வாங்கி மாட்டிக்கொண்டேன்.

ஐந்து நிமிடப் படம். ஒரு பெண் மொட்டை மாடியில் துணி எடுக்கிறாள். காலையில் மூன்று சேலை காயப்போட்டவள். கொடியில் நான்கு இருக்கிறது. மூன்றையும் மடித்துவிட்டு நான்காவதைப் பிடித்து இழுக்கிறாள், அது வரமாட்டேன் என்கிறது. உள்ளே ஆள் நிற்கிறது. அவ்வளவுதான் படம். பேயும் இல்லை, ரத்தமும் இல்லை, ஒரு சேலையின் மடிப்பில் கால் கட்டைவிரல் மட்டும் தெரிந்தது. நான் அறிவியல் ஆசிரியை. அன்று சாயங்காலம் என் வீட்டு மாடிக்குத் துணி எடுக்கப் போகவில்லை. மழை வந்து எல்லாம் நனைந்தது.

அப்படித்தான் தொடங்கியது. ஆறு வருடம் தினமும் ஒரு படம், அவளுக்கு வலது காது, எனக்கு இடது காது. படங்களுக்கு நாங்கள் ஸ்டேஷன் பெயர்தான் வைத்திருந்தோம். வண்டி கிளம்பி முதல் நிறுத்தத்துக்குள் முடிந்தால் முண்டியம்பாக்கம் படம். கொஞ்சம் நீண்டால் விக்கிரவாண்டி படம், அதற்கும் மேல் பேரணி படம். மயிலம் வரை போகிற படம் என்றால் பெரிய படம், அதற்குத் தகுதி வேண்டும். "இது முண்டியம்பாக்கத்துல முடிக்க வேண்டிய கதை, மயிலம் வரைக்கும் இழுத்துட்டான் பாவி" என்பாள். பேரணிக்கும் மயிலத்துக்கும் நடுவில் சிக்னல் போய்விடும் என்பதால் நீளப் படங்களை வீட்டிலேயே இறக்கிவைத்துக்கொண்டு வருவாள். ஆனால் பார்க்கமாட்டாள். ஒருவர் மட்டும் முன்னாலேயே பார்ப்பது எங்களுக்குள் துரோகம்.

இரண்டு நடுத்தர வயதுப் பெண்கள் தலையோடு தலை முட்டிக்கொண்டு கண்ணை மூடி மூடித் திறப்பதைப் பார்த்து ஒரு அம்மா, "எந்தக் கோயில் பாட்டுமா?" என்று கேட்டதை லூர்து இன்றைக்கும் சொல்லிச் சிரிப்பார். பத்மா கொஞ்சமும் அசராமல், "காளி பாட்டும்மா. கொஞ்சம் உக்கிரமா இருக்கும்" என்றாள்.

இப்படிப்பட்ட படங்களைத் தேடிப் பிடிப்பதில் அவளுக்கு ஒரு மூக்கு இருந்தது. பெரிய பெரிய எழுத்தில் 'இதயம் பலவீனமானவர்கள் பார்க்க வேண்டாம்' என்று போட்டிருந்தால் தொடவே மாட்டாள். யாரும் பார்க்காத படங்களாகப் போய் நோண்டுவாள். தன் வீட்டு நடையையும் ஒரு கதவையும் மட்டும் வைத்துக்கொண்டு படமாக எடுத்துத் தள்ளும் ஒரு ஆளை அவள் எங்கிருந்தோ கண்டுபிடித்தாள். எந்த ஊர்க்காரன், என்ன மொழி என்று இன்றுவரை தெரியாது. ஒவ்வொரு படத்துக்குக் கீழேயும் தமிழில் பாராட்டு எழுதுவாள். 'தம்பி, கதவு மிக நன்று. பின்னணி இசையைக் குறைக்கவும்.' ஒரு நாள் அவன் பதிலுக்குக் கைகூப்பும் படம் ஒன்றைப் போட்டிருந்தான். அன்று பெட்டி முழுக்க அதைக் காட்டினாள்.

"பேயைக் காட்டனவன் தோத்தான்" என்பாள். "சத்தம் போட்டு பயமுறுத்தறவன் சோம்பேறி. குழந்தகூட பின்னாடி வந்து பேன்னு கத்தும்" என்பாள். அவளிடம் இருந்த ஒரே கண்டிப்பான விதி, தொடங்கிய படத்தைக் கடைசி வரை பார்த்துவிட வேண்டும் என்பது. எனக்குப் பயம் முற்றி எழுந்திருக்கப் பார்க்கும்போதெல்லாம் முந்தானையைப் பிடித்து உட்காரவைப்பாள். "பாதியில எழுந்துபோனீன்னா அது உன் கூடவே வந்துக்கினு இருக்கும் மல்லி. கடைசி வரைக்கும் பாத்துட்டா அது அங்கேயே நின்னுடும்" என்பாள். அது விளையாட்டுப் பேச்சு என்றுதான் நான் எடுத்துக்கொண்டேன்.

எறும்பு ஊர்ந்தால் காலைத் தூக்கி வைக்கிறவள் நீ, இந்தக் கண்றாவியை எப்படிப் பார்க்கிறாய் என்று ஒரு தடவை கேட்டேன். "ரத்தம் வர்ற படத்த நான் என்னைக்குக் காட்டினேன்? அருவருப்பு வேற, பயம் வேற. பயத்துல யாருக்கும் வலிக்காது" என்றாள். யாருக்கும் வலிக்காது என்று சொன்னவள் அவள்தான். இதை நீங்கள் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

திரும்பி வரும் வண்டியில் அவள் ராச்சாப்பாடு சாப்பிடுவதை எல்லாரும் பார்த்திருப்பீர்கள். பொழுது சாய்ந்தபின் அவள் தண்ணீர்கூடக் குடிக்கமாட்டாள். அதனால் மார்கழி தையில் வண்டி கிளம்பியதுமே டிபன் டப்பாவைத் திறந்துவிடுவாள். தயிர்சோறும் புடலங்காய்ப் பொரியலும். கிழங்கு கிடையாது. ஜன்னலில் வெயிலைப் பார்த்துப் பார்த்து, அவசரம் இல்லாமல், சரியாக முடிப்பாள். வண்டி தாமதமானால் நாங்கள் எல்லாரும் அவளுக்காகச் சூரியனைப் பார்த்துக்கொண்டிருப்போம்.

ஒரு தை மாதம், பேரணியில் வண்டியை நிறுத்தினார்கள். எதிர் வண்டி வர வேண்டும். எங்கள் பக்கத்தில் யாரும் இல்லை. அவள் டப்பாவின் மூடியைத் திறந்து மடியில் வைத்திருந்தாள். என் வீட்டுக்காரர் இறந்து இரண்டு வருடம் முடிந்த நாள் அது. ஏன் சொன்னேன் என்று தெரியவில்லை, சொல்லிவிட்டேன்.

உங்களுக்கும் இப்போது சொல்கிறேன். என் வீட்டுக்காரர் பக்கவாதத்தில் எட்டு மாதம் படுக்கையில் இருந்தார். பேச்சு போய்விட்டது. இடது கை மட்டும் வரும். ஏதாவது வேண்டுமென்றால் எவர்சில்வர் டம்ளரால் இரும்புக் கட்டிலின் சட்டத்தில் தட்டுவார். டொக், டொக், டொக். தண்ணீருக்கும் அதுதான், புரட்டிப் படுக்கவைக்கவும் அதுதான், சும்மா நான் இருக்கிறேனா என்று பார்க்கவும் அதுதான். பள்ளிக்கூடத்தில் யாராவது பெஞ்சில் தட்டினால்கூட நான் எழுந்து நிற்கும் அளவுக்கு ஆகியிருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், காணையிலிருந்து என் அண்ணன் கொடுத்தனுப்பிய மல்லாட்டையை, வேர்க்கடலையை, முறத்தில் போட்டு உரித்துக்கொண்டிருந்தேன். தட்டினார். "இதோ வர்றேன்" என்றேன். எழுந்திருக்கவில்லை. மறுபடியும் தட்டினார். அஞ்சு நிமிஷம் என்னை உட்கார விடக்கூடாதா என்று நினைத்தேன். மறுபடியும் தட்டிவிட்டு நிறுத்திவிட்டார். நிறுத்தியது எனக்குச் சந்தோஷமாக இருந்தது. முறத்தில் இருந்ததை உரித்து முடித்துவிட்டுத்தான் போனேன். போயிருந்தார்.

பத்மா என் பக்கம் நகர்ந்து உட்கார்ந்தாள். என் கையைப் பிடித்துக்கொண்டாள். எதிர் வண்டி போய், எங்கள் வண்டி நகர்ந்து, விக்கிரவாண்டி தாண்டியபோது வெளியே இருட்டிவிட்டிருந்தது. அவள் தொடாத தயிர்சோற்றைப் பார்த்து மூடியைப் போட்டாள். அன்று அவள் பட்டினி. எனக்காக ஒருத்தி ஒருவேளைச் சோற்றை விட்டாள் என்று அதற்குப் பிறகு எத்தனையோ நாள் நினைத்து நெகிழ்ந்திருக்கிறேன்.

அதற்கு அடுத்த வருடம் ஒரு திங்கட்கிழமைக் காலை. "இன்னைக்கு ஒரு மயிலம் படம்" என்றாள். முகம் ஒரு மாதிரி இருந்தது. இயர்போனின் இரண்டு பக்கத்தையும் என்னிடமே நீட்டினாள். "நீ மட்டும் பாரு. நான் பாத்துட்டேன்" என்றாள். ஆறு வருடத்தில் முதல்தடவையாக விதியை மீறியிருக்கிறாளே என்று நான் சிரித்துக்கொண்டே வாங்கினேன்.

படத்தின் பெயரை எழுதமாட்டேன், உங்களில் பாதிப்பேர் பார்த்ததுதான். ஒரு பெண் சமையலறையில் உட்கார்ந்து மல்லாட்டை உரிக்கிறாள். ஓடு உடைகிற சத்தம் மட்டும். பக்கத்து அறையிலிருந்து டொக், டொக், டொக். "இதோ வர்றேன்" என்கிறாள். எழுந்திருக்கவில்லை. என் வீட்டு முறம் அது இல்லை, என் வீட்டு அடுப்படி அது இல்லை, ஆனால் அது நான். படத்தில் அவள் நிமிர்ந்து சுவரைப் பார்த்து முகம் சுளிக்கிறாள். அந்தச் சுளிப்பைக்கூட நான்தான் பேரணியில் இவளிடம் செய்து காட்டியிருந்தேன்.

இயர்போனைப் பிடுங்கினேன். "யாரு எடுத்தது இது?" என்றேன்.

"நந்தினிதான்" என்றாள். நந்தினி அவள் மகள், புதுச்சேரியில் வீடியோ எடிட்டிங் வேலை செய்கிறவள். "மல்லி, திட்டறதுன்னா அப்புறம் திட்டு. மொதல்ல கடைசி வரைக்கும் பாரு."

"என் புருஷன் சாவு உன் பொண்ணுக்குப் படமா?"

"கடைசி வரைக்கும் பாருன்றேன் இல்ல" என்று முந்தானையைப் பிடித்தாள். நான் அவள் கையைத் தட்டிவிட்டேன். வண்டி மயிலத்தில் நின்றது. இறங்கிவிட்டேன். அன்று பஸ் பிடித்து, பிரேயர் முடிந்தபின் பள்ளிக்கூடம் போய்ச் சேர்ந்தேன்.

மறுநாளிலிருந்து நான் கடைசிப் பெட்டி. ஏன் மாறினேன் என்று உங்களில் சிலர் கேட்டீர்கள், உட்கார இடம் கிடைக்கிறது என்றேன். அவளிடமிருந்து தினமும் ஒரே வரி வந்தது. 'கடைசி வரைக்கும் பாத்தியா?' ஒரு மன்னிப்பு இல்லை, ஒரு விளக்கம் இல்லை. ஒரு வாரம் பொறுத்து அவள் நம்பரைத் தடுத்துவிட்டேன். படத்தை நான் தொடவில்லை. ஆனால் பாழாய்ப்போன மனசு, படத்தை ஓடவிடாமல் அதற்குக் கீழே மற்றவர்கள் எழுதியதை மட்டும் படித்தேன். இவளெல்லாம் பொண்டாட்டியா என்று ஒருவர். இவளுக்கு நல்லா வேணும் என்று ஒருவர். நான்கு ஐந்துக்கு மேல் படிக்க முடியவில்லை.

சேகர் சார், இப்போது உங்கள் முறை. அந்த வாரம் விழுப்புரம் ஸ்டேஷன் வாசலில் என்னை நிறுத்தி நீங்கள் சொன்னது உங்களுக்கு மறந்திருக்கும். "உங்க ஃப்ரெண்டு பொண்ணு எடுத்த படம் பாத்தீங்களா மேடம்? யப்பா, அந்தப் பொம்பளைக்கு என்னா கல்நெஞ்சு. காது நல்லா கேக்குது, உக்காந்துக்கினு மல்லாட்டை உரிக்கிறா." நான் "ஆமாம் சார்" என்று சொல்லிவிட்டு நடந்தேன். உங்கள் மேல் எனக்கு வருத்தம் இல்லை. நீங்கள் ஒரு படத்தைப் பற்றிப் பேசினீர்கள். என்னை அங்கே நிறுத்தியவள் பத்மாதான்.

அவள் சொன்னபடியே ஆனது. பாதியில் எழுந்தேன், அது கூடவே வந்தது. அதுவரை என் வீட்டில் மட்டும் கேட்டுக்கொண்டிருந்த அந்த டொக், டொக் சத்தம், பிறகு பள்ளிக்கூடத்தில் கேட்டது, பஸ்ஸில் கேட்டது.

ஒரு வருடம் போனது. அவள் போவதற்கு ஒரு மாதத்துக்கு முன், சாயங்காலம், விழுப்புரத்தில் நடைமேம்பாலம் ஏறிக்கொண்டிருந்தேன். பின்னாலிருந்து "மல்லி" என்று குரல். அவள்தான். மூச்சு வாங்கிக்கொண்டிருந்தாள் என்பது அந்தக் குரலிலேயே தெரிந்தது. இன்னொரு தடவை கூப்பிட்டாள். மூன்றாம் தடவை கூப்பிட்டபோது பாதிப் பெயர்தான் வந்தது. நான் மேலே ஏறி அந்தப் பக்கம் இறங்கிப் போய்விட்டேன். கூப்பிடட்டும், படட்டும் என்று இருந்தது.

சாவுக்குப் போனேன். பொழுது இறங்குவதற்குள் எடுத்துவிட வேண்டும் என்று எல்லாரும் பரபரத்துக்கொண்டிருந்தார்கள். கடைசியிலும் அவளுக்கு வெயில் இருக்கும்போதே முடிய வேண்டியிருந்தது. நந்தினி என்னைப் பார்த்ததும் எழுந்து வந்தாள். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அவள்தான் பேசினாள். "ஆன்ட்டி, கதை உங்களுதுன்னு அம்மா எடுத்து முடிச்சப்புறம்தான் சொன்னாங்க. மொதல்ல நான் டம்ளர அவரு கையில வெச்சுதான் எடுத்தேன். அம்மா ஒத்துக்கல. அலமாரில வெய்யின்னு நாலு நாளு சண்டை. ஏம்மா, கையில இருந்தாதானே பயம்ன்னேன். அவ பாக்கணும்டி, கையில இருந்தா அவ எப்பிடிப் பாப்பான்னாங்க. அந்த அவ யாருன்னு அப்ப எனக்குத் தெரியல. நீங்க பாத்தீங்களா ஆன்ட்டி?"

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வீட்டில் தனியாக உட்கார்ந்து, இரண்டு காதிலும் மாட்டிக்கொண்டு பார்த்தேன். அந்தப் பெண் உரித்து முடிக்கிறாள். கையைத் துடைத்துக்கொண்டு பக்கத்து அறைக்குப் போகிறாள். அவர் இறந்து கிடக்கிறார். டாக்டர் வருகிறார், தொட்டுப் பார்க்கிறார், விடியற்காலையிலேயே உயிர் போயிருக்கிறது என்கிறார். அவள் மெதுவாகத் திரும்பிப் பார்க்கிறாள். டம்ளர் எட்டாத உயரத்தில், அலமாரியில், கழுவிக் கவிழ்த்து வைத்தபடி இருக்கிறது. மத்தியானம் தட்டியது அவர் இல்லை. அவர் கூப்பிடவே இல்லை. அவள் போயிருந்தாலும் ஒன்றும் ஆகியிருக்காது. படம் அங்கே முடிகிறது. பேயைக் காட்டவில்லை. நம் பத்மாவின் கணக்குப்படி நல்ல படம்.

அதற்குக் கீழே எல்லாருடைய எழுத்துக்கும் நடுவில் அவள் எழுதியிருந்தாள். 'பாதியில் எழுந்து போனவர்கள் திரும்பி வந்து பார்க்கவும்.' நம்பரைத் தடுத்தவளுக்கு வேறு எப்படிச் சொல்வாள்.

அழுதேன். ஆனால் மன்னித்து அழுதேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். எனக்கு ஒரு விடுதலை வேண்டும் என்று நான் அவளிடம் கேட்டேனா? நான் சொன்னதை அவள் காதோடு வைத்துக்கொண்டிருந்தால் போதாதா? ஊர் பார்க்க என் வீட்டுக் கதவைத் திறந்து, உள்ளே போய், டம்ளரை எடுத்து அலமாரியில் வைத்திருக்கிறாள். என் வீட்டில் டம்ளர் அவர் கையில்தான் இருந்தது. விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துத்தான் எடுத்தேன். அது பத்மாவுக்கும் தெரியும்.

அவளிடமிருந்து எனக்கு மிச்சமானதைச் சொல்லி முடிக்கிறேன். இந்தக் கோபம் மிச்சம், அது போகிற மாதிரி இல்லை. அவள் எனக்காகச் சொன்ன அந்தப் பொய் மிச்சம். தட்டுகிற சத்தம் கேட்கும்போது இப்போதெல்லாம் அலமாரியை ஒரு தடவை நினைத்துக்கொள்கிறேன், கொஞ்சம் உதவுகிறது. ஆனால் மேம்பாலத்துப் படிக்கு அந்த மாதிரி ஒரு முடிவை எனக்கு எழுதித்தர இனி ஆளில்லை. மூன்று தடவை கூப்பிட்டாள். எனக்குக் காது நல்லாக் கேட்டது.